முன்வரிசைக்குக் காதுகொடுத்த மைக்

மீத் வர்தான் ஊரின் கலாசார மாளிகைக்குப் புது ஒலிவாங்கி தேவை என்பதை மேலிடம் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டபோது, பழைய மைக் வாயடைத்துப்போய் ஒரு வருஷம் கடந்திருந்தது. அதனால் கலைக்கு எந்தக் குந்தகமும் வரவில்லை. இசை விழா என்றால் முக்கால்வாசி வரவேற்புரைதான். வரவேற்புரை ஆற்றுகிறவர்களுக்கு இறைவன் கொடுத்த தொண்டையே போதுமானதாக இருந்தது.

ஷவ்கிய்யாவுக்குத்தான் போதவில்லை. அவளுடையது சின்னக் குரல். பக்கத்தில் இருந்து கேட்டால் நெஞ்சைப் பிசையும். நாலாவது வரிசைக்குப் போவதற்குள் தேய்ந்துவிடும். இத்தனை வருஷமாகக் கல்யாண வீடுகளில் பாடுகிறாள், ஒரு பாட்டையும் முழுசாகப் பாடியதில்லை. பாதியில் யாராவது மேடையேறி மைக்கைப் பிடுங்கி, மாப்பிள்ளையின் மாமாவுக்கும் ஊர்க் கசாப்புக்கடைக்காரர்கள் அனைவருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். இந்த வசந்த விழாவுக்கு மாகாண வானொலி வந்து அவள் பாட்டைப் பதிவு செய்யப்போகிறது. பிடித்துப்போனால் மாதந்தோறும் ஒரு வியாழன் இரவு அவளுடையது. பிடிக்காவிட்டால் மறுபடியும் கசாப்புக்கடைக்காரர்கள்.

மைக்கைத் தேர்ந்தெடுக்க மாளிகையின் இயக்குநர் இல்ஹாமி பே தலைமையில் குழு அமைந்தது. 'பே' என்பது ஊரார் அவருக்குக் கொடுத்த மரியாதைப் பட்டம். கணக்கர் ஓர் உறுப்பினர். நீர்ப்பாசனப் பொறியாளர் இன்னொருவர். ஓடுகிற பொருள்களில் அவருக்கு அனுபவம் இருந்தது. ஷவ்கிய்யாவும் தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஆசையாகப் போனாள். பாடகி இதனால் பயனடைகிறவர், பயனடைகிறவர் வாயைத் திறந்தால் தேர்வின் நடுநிலைமைக்கு ஊறு நேரும் என்று கணக்கர் மிகுந்த மரியாதையோடு விளக்கி, கதவோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அவளுடைய கணவன் மெத்வல்லி ஊத் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கிறவன். அவன் நின்றுகொண்டான்.

ஒலிபெருக்கிக் கடை கிர்கிஸ் இரண்டு மைக்குகளோடு வந்திருந்தார். முதலாவதை எடுத்துத் துடைத்தார்.

"பே, இது பாடுறவங்களுக்குன்னே செஞ்சது. எதுக்க இருக்கிற வாயை மட்டும் கேட்கும். பின்னாடி என்ன நடந்தாலும் காதுல வாங்கிக்காது. ஒலிபெருக்கி சத்தம் திரும்ப உள்ள போயி ஊளையிடாது."

ஷவ்கிய்யாவின் கை தானாக நீண்டது. இல்ஹாமி பே விரலை உயர்த்தினார்.

"பின்னாடின்னா எது?"

"பாடுறவங்களுக்கு எதிர்ப்பக்கம், பே."

"அங்க யாரு உட்கார்ந்திருப்பா?"

கிர்கிஸ் மேடையைப் பார்த்தார். மேடைக்கு எதிரே அதிகாரிகளுக்கான மெத்தை நாற்காலிகள் உறைபோட்டு வரிசையாகக் கிடந்தன. நடுவில் இருந்தது மற்றவற்றைவிட அகலம்.

"நீங்கதான், பே."

அரசாங்கம் காசு போட்டு வாங்கும் ஒரு கருவி, அரசாங்கத்தின் பிரதிநிதிக்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்பதைக் குழு ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டது.

இதில் வெறும் கௌரவம் மட்டும் இல்லை. அந்த ஊர்ப்பக்கமெல்லாம் பாட்டில் நல்ல வரி ஒன்று வந்து விழுந்தால், கேட்கிறவன் "அல்லாஹ்" என்று உருக வேண்டும். உருகினால்தான் பாடகி அதே வரியை இன்னும் அழகாகத் திருப்பிப் பாடுவாள். இல்லாவிட்டால் உப்பில்லாத அவரைக் கூழ் மாதிரி இருக்கும். இல்ஹாமி பேயின் "அல்லாஹ்" சுற்றுவட்டாரமெல்லாம் பெயர்பெற்றது.

"பாட்டுங்கறது பாடுறவ பாதி, கேக்குறவன் பாதி," என்றார் பே. "பாதியை மட்டும் கேக்குற மைக்குக்கு முழு விலை எப்படிக் கொடுக்கிறது?"

கணக்கருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது மைக் மாநாட்டு மேசையின் நடுவில் வைக்கிறது. சுற்றி எவர் பேசினாலும் கேட்கும். பொறியாளர் அதைச் சுற்றி நடந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் "அலோ" சொல்லிப் பார்த்தார். எல்லா "அலோ"வும் ஒரே தரத்தில் இருந்தது.

"பே, நான் ஒரே ஒரு வரி பாடிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள் ஷவ்கிய்யா.

"பாடினா நீயே வாதி, நீயே சாட்சின்னு ஆயிடும்மா. கொஞ்சம் பொறு."

திசைப் பாகுபாடு பாராட்டாத ஒலிவாங்கியே மக்களாட்சிக்கு உகந்தது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. ஷவ்கிய்யா வீட்டுக்குப் போய் மெத்வல்லியின் தோளில் சாய்ந்து அழுதாள். குழுவில் இருப்பவர்கள் எல்லாம் கழுதைகள் என்று அவன் ராத்திரி முழுக்கத் திட்டினான். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

புது மைக் எல்லாரையும் கேட்கும், வானொலி அதை அப்படியே மாகாணம் முழுவதற்கும் கொண்டுபோகும் என்ற செய்தி ஊருக்குள் பரவியது. விழாவன்று காலையில் தொண்டைக்கு இதமாக சோம்புக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்று ஷவ்கிய்யா கடைக்குப் போனால், ஒரு பிடி சோம்பு கிடைக்கவில்லை. முடிதிருத்துபவர் வாங்கிப்போயிருந்தார். பள்ளி ஆய்வாளர் வாங்கிப்போயிருந்தார். கசாப்புக்கடைக்காரர்கள் மூட்டையாகவே வாங்கிப்போயிருந்தார்கள்.

அவள் வெந்நீர் குடித்துவிட்டு, ஊத்தோடு மெத்வல்லி பக்கத்தில் வர, மேடையேறினாள். முதல் வரி முடிவதற்குள் இல்ஹாமி பே "அல்லாஹ்" என்றார். முந்திக்கொண்டுவிட்டாரே என்ற பதற்றத்தில் பள்ளி ஆய்வாளர் இரண்டு முறை சொன்னார். அதற்குப் பிறகு அரங்கில் கட்டுப்பாடு இல்லை. மைக் நீதி தவறாமல் எல்லாவற்றையும் கேட்டது: உருகல், இருமல், பூசணி விதை கொறிக்கும் சத்தம். ஒலிபெருக்கியையும் பாரபட்சமில்லாமல் கேட்டதால் ஊளையிட்டது. கிர்கிஸ் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். மூன்றாவது வரியில் ஷவ்கிய்யாவின் குரல் இதுவரை எட்டாத ஓர் இடத்தைத் தொட்டது. அது அவளுக்கே தெரிந்தது. யாராவது கேட்டார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

வியாழன் இரவு பாட்டு ஒலிபரப்பானது. அக்கம்பக்கத்தார் எல்லாம் அவள் வீட்டு வானொலியைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். "இது நான்தான்," என்றார் முடிதிருத்துபவர். "என்னோடது அதுக்கு அடுத்தது," என்றார் இன்னொருவர். இடையில் எங்கேயோ கொசு மாதிரி ஒரு பெண்குரல் கேட்டது. ஷவ்கிய்யா வானொலியின் மேல் காதை வைத்து, அந்த மூன்றாவது வரியைத் தேடினாள்.

மெத்வல்லி அவள் கையைப் பிடித்து அழுத்தினான். "இரு, இரு. இப்ப வரும்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவன் ஒருத்தனாவது கேட்டிருக்கிறானே என்று நினைத்தாள்.

வந்தது. "ஆ, என் உயிரே!" என்று ஊத்தின் பக்கத்திலிருந்து ஒரு ஆண்குரல், வரியின் உச்சியிலேயே ஏறி உட்கார்ந்தது.

"எப்படி?" என்றான் மெத்வல்லி.

மறுநாள் இல்ஹாமி பே நேரிலேயே வந்தார். வானொலிக்காரர்கள் தொலைபேசியில் அழைத்து, இப்படிப்பட்ட ரசிகர்களைக் கேட்டதே இல்லை என்று வியந்தார்களாம். இனி மாதந்தோறும் இதே ரசிகர்கள்தான்.

"அப்போ பாடுறதுக்கு, பே?"

"அதைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலைம்மா. யாராவது இருந்தா நல்லதுதான். குழு கூடித்தான் முடிவு பண்ணணும்."

அவர் போனதும் மெத்வல்லி கண்ணாடி முன் நின்று மீசையை நீவிக்கொண்டு, "அல்லாஹ்" என்றான். கொஞ்சம் யோசித்து, வேறு மாதிரி இன்னொரு முறை சொன்னான். எது நன்றாக இருக்கிறது என்று அவளையே கேட்டான்.

ஷவ்கிய்யா கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் காது கேட்டுத் தொலைத்துவிட்டது.

"ரெண்டாவதுல சுருதி இறங்கிடுச்சு. வயித்துலேருந்து எடுங்க," என்று சொல்லி, தானே ஒரு முறை சொல்லிக் காட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பள்ளி ஆய்வாளர், "இன்னொரு தடவை, ஷவ்கிய்யா," என்று கெஞ்சினார். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் திரும்பப் பாடச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் அவள் மாளிகைக்குப் போய், பாட வாய்ப்பு வேண்டாம், முன்வரிசையில் ஒரு நாற்காலி கொடுத்தால் போதும் என்று கேட்டாள். ரசிகையாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில் அவளுக்கு முன்னனுபவம் இல்லை என்பதால், நாற்காலியை நாலாவது வரிசையில் போட்டார்கள்.