சொசைட்டிக்கு ஊற்றச் சொன்ன ரத்தம்

பெங்களூரில் ஆராய்ச்சி என்ற பெயரில் ஊர் ஜனத்தின் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் மச்சான் தமிழ்மணிக்கு, காரிமங்கலத்திலிருந்து உன் அக்கா புருஷன் காளியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே மாடு கன்று நலம். மாமரம் பூ விட்டிருக்கிறது. உன் அக்கா பாஞ்சாலி மிக மிக நலம். இந்த வூட்டில் நலமில்லாத ஜீவன் ஒன்றுதான், அது நான். போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடுதாசியைப் பாதியில் வைத்தால் உன் அக்காவிடம் சொல்லிவிடுவேன். முழுசாகப் படி.

சந்தை நாளன்று சமுதாயக் கூடத்தில் முகாம் போட்டாய். "நம்ம ஜனங்களுக்கு உடம்பு மெலிசா இருந்தாலும் சர்க்கரை வருது, ஈரல்ல கொழுப்பு படியுது. ரத்தத்துல இருக்கிற கொழுப்பை வகைவகையாப் பிரிச்சுப் பாத்தா, நோவு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்" என்று மைக்கில் முழங்கினாய். மச்சான் கூப்பிட்டானே என்று ராத்திரியோடு வாயைக் கட்டி வெறும் வயிற்றோடு வந்தேன். வரமாட்டேன் என்ற உன் அக்காவையும், "வா, உனக்குள்ள எத்தனை டின் எண்ணெய் இருக்குதுன்னு பாத்துடலாம்" என்று இழுத்து வந்தேன். அவள் உடம்பு உனக்கே தெரியும். என் உடம்போ மூங்கில் கழிக்குச் சட்டை மாட்டினது மாதிரி. யாருக்குக் கொழுப்பு இருக்கும்? நீயே சொல்லு.

ரத்தம் பிடித்த குழாய்களைச் சுத்துற மெஷினில் போட்டு எடுத்தார்கள். எல்லார் குழாயிலும் மேலே தெளிவாக, மஞ்சளாக நின்றது. என் குழாயில் மட்டும் வெள்ளைவெளேர். உன்னோடு வந்த மலர்விழி என்ற பெண் அதைத் தூக்கிப் பிடித்து, "ஐயா, சாப்பிட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றது. பல்லுல பச்சைத் தண்ணி படல மச்சான்! பக்கத்துக் காட்டுக்கார ஆண்டி எட்டிப் பார்த்து, "பால் சொசைட்டிக்கு ஊத்துனா ஃபேட்டு நல்லா வரும் போலிருக்குதுங்களே" என்றான். கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். பார்த்தேன்.

அதோடு விட்டாயா? அடுத்த வாரம் ரிசல்ட் வந்ததும் எனக்குச் சொல்லாமல் உன் அக்காவுக்குப் போன் போட்டாய். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, உனக்கு ஒண்ணுமில்ல. மாமாவுக்குத்தான் கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி." அவள், "இதைக் கண்டுபிடிக்க உனக்கு மெஷின் வேணுமா? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான மறுநாளே சொல்லியிருப்பேனே" என்று சொல்லிச் சிரித்ததில் மாட்டுக்கு வைத்த தண்ணியே கொட்டிப்போச்சு. இப்ப டீக்கடையில என்னப் பாத்தா, "கொழுப்பு எப்படி இருக்குதுங்க?"ன்னுதான் விசாரிக்கறானுங்க.

குழாயை மாத்திப்புட்டாங்க, அது பாஞ்சாலி ரத்தம்தான்னு ஊரெல்லாம் சொன்னேன். நிரூபிக்கணுமில்ல? நம்மளை யாருக்கும் தெரியாத இடமாப் பாத்து அதியமான்கோட்டையில ஒரு லேபுக்குப் போனேன். நோவு இல்லாதவன் எதுக்குப் பட்டினி கிடக்கணும்னு ரோட்டுக் கடையில பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டுத்தான் போனேன். அந்தப் பையன் குழாயப் பாத்தான், என்னப் பாத்தான். "மெஷின் இதைப் படிக்க மாட்டேங்குதுங்க, உடனே டாக்டரைப் பாருங்க"ன்னான். படிக்கத் தெரியாத மெஷினுக்கு எதுக்குடா போர்டுன்னு சத்தம் போட்டுட்டு வந்துட்டேன்.

வூட்டுக்கு வந்தா உன் அக்கா ஆட்சி. தாளிக்கறதுக்கே எண்ணெய் கிடையாது, இனிப்பு கிடையாது, களி உருண்டை எலுமிச்சங்கா அளவு. பசியோட இருந்தவனைக் கம்பைநல்லூர்ல கல்யாணத்துக்குக் கூப்பிட்டா என்ன ஆகும்? கறியும் கொழுப்புமா ஒரு கட்டு கட்டினேன். கூட ஊத்திக்கிட்டதைப் பத்தி இங்க எழுத வேண்டாம். பந்தியை விட்டு எந்திரிச்சதும் மேல்வயித்துல புடிச்சுது பாரு, குத்தி முதுகு வழியா வந்த மாதிரி. சுருண்டுட்டேன். ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சொட்டுத் தண்ணி வாயில ஊத்தல, எல்லாம் கையில ஊசி வழியாத்தான். உன் அக்கா சிரிக்கல மச்சான். கட்டில் கால்மாட்டுல உக்காந்து என் காலைப் புடிச்சுக்கிட்டே இருந்தா.

டாக்டரம்மா சொல்லுச்சு: "ரத்தத்துல டிரைகிளிசரைடுன்னு ஒரு கொழுப்பு எக்கச்சக்கமா இருக்குது, அதுல கணையம் வெந்துபோச்சு. உங்க வம்சத்துல யாருக்காவது இப்படி வயித்து வலி வந்திருக்குதா?"

என் தம்பி தீர்த்தனை நினைச்சேன். இதே மாதிரிதான் சுருண்டான். என்னைவிட ஒல்லி. விடியறதுக்குள்ள போயிட்டான். குடிச்சே குடலு வெந்து செத்தான்னு ஊரே பேசுச்சு. சாராயத்தை மோந்துகூடப் பாக்காதவன்டா அவன்! அவன் சம்சாரம் சென்னம்மா அந்தப் பேச்சைத் தாங்காம புள்ளையத் தூக்கிட்டு ஓசூருக்கே போயிருச்சு. டாக்டரம்மாகிட்ட சொன்னேன். "அவருக்கும் இதுவா இருந்திருக்கலாமுங்க, இது பரம்பரையா வரும்"னுச்சு.

இப்பச் சொல்லு. நோவு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்னு மைக்குல சொன்னியே, அந்த மெஷினைத் தூக்கிட்டு அப்பவே ஏன்டா வரல? அவன் செத்தப்ப நீ எங்க இருந்த? ஒன்பதாங்கிளாஸ்ல பெயிலாயிட்டு என் வூட்டுல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு இருந்த. நல்லா ஞாபகம் இருக்குது. ஒழுங்காப் படிச்சிருந்தா ஒரு வருஷம் முன்னாடியாவது வந்திருப்ப.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், இனி என் ரத்தத்தில் ஒரு சொட்டு உன் ஆராய்ச்சிக்குக் கிடையாது. அந்த மெஷினோடு இந்த ஊர் எல்லையை மிதிக்காதே. நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம். உன்னோடு பேச்சு முடிந்தது.

கோபத்துடன்,
காளியப்பன்

பின்குறிப்பு: ஞாயித்துக்கிழமை காலையில் மெஷினோடு வந்து சேர். தீர்த்தன் மகள் ஐஸ்வர்யா வருகிறாள். அப்பன் மாதிரியே ஒல்லி, "எனக்கென்ன பெரியப்பா, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறாள். சாப்பிடாமல் வரச் சொல்லியிருக்கிறேன். கூடவே சென்னம்மாவும் வருது. தீர்த்தன் குடிச்சுச் சாகலன்னு அதுகிட்ட நீதான் உக்காந்து பக்குவமாச் சொல்லணும். நான் சொன்னா தம்பிக்குப் பரிஞ்சு பேசறேன்னு நினைச்சுக்கும். சாப்பாடு நம்ம வூட்டுலதான். எண்ணெய் இருக்காது, பொறுத்துக்க.