கேள்விக்குறி போமேனும் மூன்றாம் நம்பரும்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. செத்துப்போன தங்கையின் மூன்று பிள்ளைகளும் என் கையால்தான் சோறு தின்று வளர்ந்தார்கள். இந்த ஏழு பேரும் என்னைக் கேட்ட கேள்விகளை எல்லாம் மூட்டையாகக் கட்டித் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். எங்கள் ஊர் கூலாயில் கார் பட்டறை வைத்திருந்த கேள்விக்குறி, தான் ஒருவராகவே கேட்டவற்றை மறு தட்டில் வையுங்கள். அவருடைய தட்டுதான் தரையில் இடிக்கும்.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எஞ்சினுக்குள் குனிந்து குனிந்து முதுகும் அந்தக் குறி மாதிரியே வளைந்துவிட்டதால், பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

வண்டி ரிப்பேர் பார்க்கிற மற்ற போமேன்களுக்கு வண்டி ஓடாவிட்டால் கவலை. இவருக்கு வண்டி காரணம் சொல்லாமல் ஓடிவிட்டால் கவலை. கோழி லோரிக்காரர் ஒருவர் வந்தார். இடது பக்கம் வளைத்தால் லோரி தானாகவே ஹாரன் அடிக்கும். கேள்விக்குறி ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ தொட்டார், சத்தம் நின்றுவிட்டது. லோரிக்காரர் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச நேரம்தான். நம்மவர் மோட்டார் சைக்கிளில் துரத்திக்கொண்டு போய், பெரிய ரோட்டில் லோரிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார்.

"என்னண்ணே, ஏதாச்சும் மறந்துட்டனா?"

"நீங்க மறக்கல. அது ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. திருப்புங்க லோரிய."

"நின்னுருச்சுல்ல, விடுங்கண்ணே! உள்ள கோழி இருக்கு, வெயில் ஏறுது."

"கோழி செத்தா ஏன் செத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு இது தெரியலையே!"

சாயந்திரம் வரை ஸ்டியரிங்கைப் பிரித்துப் போட்டு, தோல் உரிந்த ஒரு கம்பியைக் கண்டுபிடித்த பிறகுதான் லோரியை விட்டார். கோழிகள் அதுவரை அவருடைய பட்டறை நிழலில் தவிட்டைத் தின்றுகொண்டிருந்தன.

இன்னொன்று. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. பெட்டியை ஏற்றிய வேன் மெல்ல ஊர்ந்து போகிறது, எஞ்சின் லேசாக இருமுகிறது. கேள்விக்குறிக்கு அது போதாதா? ஊர்வலத்தை விட்டு முன்னால் போய், வேன் நின்ற இடத்தில் பானெட் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இறந்தவரின் மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். மாமாவுக்காக இப்படி உருகுகிறாரே என்று ஓடிவந்து, "அழாதீங்க அங்கிள், அவரு நல்லபடியாத்தான் போனாரு" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கேள்விக்குறி கண்ணைத் திறக்காமல், "நல்லாப் போகலம்மா, எஞ்சின்ல ரெண்டாம் நம்பர் சிலிண்டர் அடிக்கல" என்றார்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கமே போனதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் இடியாப்பம் பிழிகிறவள். கூலாயில் என் இடியாப்பம் தெரியாதவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து ஊரான சினாயில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் எனக்கு ஒரு மேசை உண்டு. காலை டீ நேரத்துக்குள் கூடைகள் அங்கே இறங்க வேண்டும். கூடைகளைச் சுமப்பது எங்கள் பழைய சின்னப் பிக்கப். பெட்ரோலில் ஓடுவது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், எஞ்சின் அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் எல்லோரும் இறங்கி சீட்டைத் தூக்க வேண்டும். ஓட்டுவது என் கடைசி மகன் பாலா. அதே பக்கம் ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாக இருக்கிறான். என்னை இறக்கிவிட்டு வேலைக்குப் போவான்.

ஒருநாள் காலை வண்டி குளிர் ஜுரம் வந்ததுபோல் குலுங்கியது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. கேள்விக்குறியிடம் கொண்டுபோனோம். ஸ்கேனரைச் செருகினார். திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்தார்: "பி ஸீரோ த்ரீ ஸீரோ த்ரீ."

"இது என்ன தம்பி, லாட்டரி நம்பரா?"

"கடைசி மூணுதான்க்கா விஷயம். நாலு சிலிண்டர்ல மூணாம் நம்பர் சரியா எரியல. விளக்கு நின்னு எரிஞ்சா 'என்னைப் பாரு'ன்னு அர்த்தம். மின்னுச்சுன்னா 'நிறுத்து'ன்னு அர்த்தம்."

மூன்றாம் நம்பர் பிளக்குக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற காயில் செத்திருந்தது. புதியது போட்டார். வண்டி பூனை மாதிரி உறுமியது. காரணம் தெரிந்த வியாதி என்பதால் அவரும் எங்களை நிம்மதியாக விட்டார். நான் சந்தோஷமாகத் திரும்பினேன்.

ஒரு வாரம்கூட இருக்காது. மறுபடி ஜுரம், மறுபடி மின்னல், மறுபடி அதே மூன்று. இதில் ஒரு வேடிக்கை. காலையில் குலுங்கும் வண்டி, வெயில் ஏறி நாங்கள் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது சமர்த்தாக நிற்கும். டாக்டரைப் பார்த்ததும் வயிற்று வலி நின்றுபோகும் பிள்ளை மாதிரி.

கேள்விக்குறியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அக்கா, வண்டி ராத்திரி எந்தப் பக்கம் மூஞ்சிய வச்சு நிக்குது?"

"ரோட்டப் பாத்து."

"மழை?"

"இல்ல."

"கழுவுறீங்களா?"

"தீபாவளிக்குக் கழுவுனது."

"எலி, பூனை?"

"பூனை இருக்கு. அது எஞ்சின் வேலை பாக்காது."

"நீங்க எவ்வளவு வெயிட்டு?"

"யோவ் தம்பி!"

"சீட்டு உங்க பக்கம் அமுங்குதான்னு கேட்டேன்க்கா. கோவப்படாதீங்க லா."

மூன்றாம் நம்பர் காயிலைக் கழற்றி ஒன்றாம் நம்பரில் போட்டார், ஒன்றை மூன்றில் போட்டார். "காயில்ல கோளாறுன்னா, நாளைக்கு விளக்கு ஒண்ணுன்னு சொல்லும். நோயாளிய எடம் மாத்திப் படுக்க வச்சுருக்கேன்." மறுநாள் திரை மூன்று என்றே சொன்னது. பிளக்கை மாற்றிப் போட்டார். மூன்று. பெட்ரோல் பீய்ச்சுகிற இஞ்செக்டரை மாற்றிப் போட்டார். மூன்று. அழுத்தம் அளந்து பார்த்தார். நாலும் ஒன்றுபோலவே இருந்தன.

"ஆளுங்கள்ல குத்தமில்ல அக்கா. அந்த எடத்துல யாரோ சூனியம் வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லி, புதுமாப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி குலுங்குகிற நாளெல்லாம் கூடைகள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. கேண்டீனை நடத்துகிற காக் யாத்தி நல்ல மலாய்க்காரப் பெண்தான். ஆனால் டீ நேரம் முடிந்து வரும் இடியாப்பத்தை அவள் யாருக்கு விற்பாள்? அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா முறை வைத்து மலாயில் சொன்னாள்: "மக்சிக், எனக்கு வேற வழியில்ல. நாளைக்கும் லேட்டா வந்தா, மேசைய ரொட்டி சானாய்க்காரருக்குக் குடுத்துருவேன்."

ஏழு பிள்ளைகள் இருந்தும் ஒருவர் கையையும் பார்க்காமல் நான் நிமிர்ந்து நடப்பது அந்த மேசையால்தான். அதை அப்படியே கேள்விக்குறியிடம் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாளைக்கு நானும் உங்ககூட வர்றேன்" என்றார்.

விடிந்ததும் வந்துவிட்டார். பாலாவுக்கும் எனக்கும் நடுவில், எஞ்சின் சூடு நேராக ஏறும் இடத்தில், டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூலாயைத் தாண்டுவதற்குள் ஜுரம் வந்தது. விளக்கு மின்னியது.

"நிறுத்து! நிறுத்து! ஆறுறதுக்குள்ள பாக்கணும்!"

ரோட்டோரம், செம்பனைத் தோட்டத்து வேலிப் பக்கம் நிறுத்தினோம். இறங்கினோம். சீட்டைத் தூக்கினார். மூன்றாம் நம்பர் காயிலை உருவினார். அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மஞ்சளாக. எண்ணெய் என்று நான் நினைத்தேன். அவர் விரலில் தொட்டு முகர்ந்தார். பிறகு, ஐயோ, நாக்கில் வைத்தார்.

நானும் பாலாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மஞ்சள்" என்றார். இன்னொரு தடவை நக்கினார். "வேப்பிலை. அக்கா, மூணாம் நம்பர்ல யாரோ ரசம் வைக்கிறாங்க."

நான் பாலாவைப் பார்த்தேன். பாலா செம்பனை மரங்களைப் பார்த்தான்.

என் மகன் வீட்டில் விளக்கு ஏற்றினால் "கரண்டு இருக்கே ம்மா" என்பவன். மனைவி விரதம் இருந்தால் "அப்ப இன்னிக்கு சாமான் மிச்சம்" என்பவன். அவன்தான் அங்கே கதவுப் பையிலிருந்து ஒரு சின்ன மினரல் வாட்டர் போத்தலை எடுத்து நீட்டினான். உள்ளே மஞ்சள் தண்ணீர்.

"காயில் மாத்துன அன்னிக்கு முனியாண்டி கோயில்ல கும்பிட்டேன். பூசாரி குடுத்தாரு. ஒரு மண்டலம் தினம் காலைல வண்டிக்குத் தெளிக்கச் சொன்னாரு."

"எங்க தெளிக்கச் சொன்னாரு?" கேள்விக்குறியின் குரலில் கோபமே இல்லை, ஆசைதான் இருந்தது.

"முன்னாடி, எஞ்சின் பக்கம்னாரு. நம்ம வண்டிக்கு எஞ்சின் சீட்டுக்கு அடியிலதானே? அதான், அம்மா கூடை கட்டுற நேரத்துல சீட்டத் தூக்கி..."

"அலமாக்! வண்டி குலுங்க ஆரம்பிச்சதும் என்ன பண்ணுன?"

"இன்னும் கொஞ்சம் சேத்துத் தெளிச்சேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் கேள்விக்குறி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். காயில்கள் இறங்கும் குழி நாலு இருக்கும்போது மூன்றாம் நம்பரில் மட்டும் ஏன் தண்ணீர் தங்குகிறது? டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தக் குழியின் வாயில் இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. காலையில் அதன் வழியே இறங்கும் தண்ணீர், பட்டறைக்கு வருவதற்குள் எஞ்சின் சூட்டில் காய்ந்துவிடும். அவர் முகம் சுருங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இது என் வேலைக்கா. காயில் மாத்துன அன்னிக்கு, இந்த ரப்பர் எப்படி இவ்வளவு இறுக்கமா நிக்குதுன்னு தெரிஞ்சுக்க நெம்பி நெம்பிப் பாத்தேன். நான் கிழிச்சேன், இவன் ஊத்துனான்."

இடியாப்பத்தின் மேல் போடுகிற வெள்ளைத் துணியை நான் கொடுத்தேன். அதைத் திரித்துக் குழிக்குள் விட்டுத் துடைத்தார், ஊதினார், விரலைச் சுட்டுக்கொண்டார், கிழிந்த இடத்தில் டேப்பைச் சுற்றினார். சாவியைத் திருப்பியதும் குலுக்கல் போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது.

அப்போது அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? எஞ்சினை நிறுத்திவிட்டு, போத்தலைக் கையில் எடுத்து மூடியைத் திறந்தார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"ஒரே ஒரு தடவ ஊத்திப் பாக்குறேன்க்கா. திரும்பவும் மூணு வந்தாத்தான் இதுதான் காரணம்னு அர்த்தம். இல்லாட்டி சும்மா ஊகம்தான்."

"டீ நேரம் ஆகப் போகுது!"

"அஞ்சே நிமிஷம்."

"தம்பி, உங்க கேள்விக்கு என் மேசையா விலை?"

போத்தல் குழிக்கு மேலே நின்றது. பசித்தவன் முன்னால் இலையை விரித்துவிட்டு, சாப்பிடாதே என்று சொன்னதுபோல் இருந்தது அவர் முகம். என்னைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். பிறகு போத்தலை மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டு, சீட்டைத் தடாலென்று இறக்கினார்.

"ஏறுங்க" என்றார். வழியெல்லாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்த ஒரே பயணம் அது.

டீ மணி அடிப்பதற்குள் கூடைகள் இறங்கின. காக் யாத்தி மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். மேசை தப்பியது. கேள்விக்குறி ஒரு வாய் இடியாப்பம்கூடத் தின்னாமல் பஸ்ஸில் கிளம்பிப் போய்விட்டார்.

மத்தியானம் என் வீட்டு வாசலில் ஒரு கார் உடம்பெல்லாம் உதறிக்கொண்டு வந்து நின்றது. அவருடைய சொந்தக் கார். உள்ளே விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. நல்ல நிலையில் இருந்த காரின் மூன்றாம் குழி ரப்பரைத் தானே கிழித்து, பாலாவின் தண்ணீரை ஊற்றி, பட்டறையிலிருந்து அப்படியே ஓட்டி வந்திருந்தார். ஸ்கேனரைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இறங்கினார்.

"வந்துருச்சுக்கா! மூணேதான்!"

"கிறுக்கு மனுஷா, உங்க காரு போச்சே!"

"போனா என்ன, ஏன் போச்சுன்னு தெரியுமே!"

அன்று அவருக்கு ஒரு தட்டு நிறைய இடியாப்பம் வைத்தேன். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் போட்டுத் தின்றுகொண்டே, இதில் இழை எப்படி ஒரே அளவாக வருகிறது என்று கேட்டார். பாவம், என் அச்சை எடுத்து ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

இப்போது அவருக்குக் கண் சரியில்லை. பத்து பாகாட் என்கிற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். பட்டறை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை வந்துவிட்டது. எங்கள் பிக்கப் இன்னும் ஓடுகிறது. விளக்கு எரிவதில்லை, குலுக்கல் இல்லை. சில நாள் காலையில் அந்த சீட்டில் உட்கார்ந்து போகும்போது, கொஞ்சம் இருமித் தொலையேன் என்று அதனிடம் சொல்லத் தோன்றுகிறது. அந்தச் சாக்கில் பத்து பாகாட்டுக்கு ஒரு போன் போடலாமே.

மீரா, கிட்ட வாம்மா. பாட்டி சொல்லச் சொல்ல நீ இதுவரைக்கும் எழுதினத ஒரு தடவ எனக்குப் படிச்சுக் காட்டு. அவரு பேசுற எடத்த மட்டும் மெதுவாப் படி.