பருந்தும் கல்பாசியும் நரி மாட்டிய கேமராவும்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். கல்பாசியைக் கறிக்குழம்பில் போடத் தெரியும். அது செடியா காளானா என்று கேட்டால் முழிப்பேன். பருந்து பறவைதான். அதில் சந்தேகமில்லை.

ஒரு காட்டில், ஒரு பாறை உச்சியில், பருந்து கூடு கட்டி ஒரே ஒரு முட்டை இட்டிருந்தது. அதே பாறையில் கல்பாசியும் ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டு அதிகாரியான நரி வந்து அங்கே ஒரு கேமராவை மாட்டியது.

"யார் ஒழுங்காக இங்கே இருக்கிறார்கள் என்று இது பார்க்கும். இல்லாதவர்களின் கூட்டைக் காலி செய்துவிடுவோம்."

"முட்டை?" என்றது பருந்து.

"அதற்கு அதிகாரியே பொறுப்பு" என்று நரி உதட்டை நக்கிக்கொண்டது.

பருந்து இரை தேடாமல் இருக்க முடியுமா? போனது. வாரக் கடைசியில் நரி இருவரையும் ஒப்பிட்டது.

"பருந்தம்மா, எந்நேரமும் எங்கே சுற்றுகிறாய்?"

"வேலைக்குப் போகிறேன் ஐயா."

"கல்பாசியைப் பார். நீ என்னப்பா செய்கிறாய்?"

"இருக்கிறேன் ஐயா."

"வேறு?"

"வருஷத்துக்கு நகக்கண் அளவு வளர்கிறேன்."

"நிதானமான வளர்ச்சி! நாளைக் காலை கூட்டைக் காலி செய்கிறோம்."

நரி போனதும் பருந்து விம்மியது.

"அழாதே அக்கா. குச்சியையெல்லாம் தள்ளிவிட்டு, என்னில் பாதியைப் பிய்த்து முட்டைமேல் போர்த்து" என்றது கல்பாசி.

"உனக்கு வலிக்குமே!"

"வலித்தாலும் எனக்குத் தெரிய நாளாகும்."

காலையில் நரி வந்தது. கூடு இல்லை. கல்பாசி நடுவே ஒரு மேடு.

"இதென்ன?"

"என் வளர்ச்சி ஐயா."

நரி உருகிவிட்டது. அன்று முதல் பருந்து விருந்தாளியாக வந்து மேட்டின்மேல் உட்கார்ந்தது. விருந்தாளிக்குத் தடை இல்லை. ஒருநாள் மேடு உடைந்து குஞ்சு தலை நீட்டியது. நரியின் கண்ணுக்குக் குஞ்சு தெரிந்தது. கேமராவின் பதிவில் அது கல்பாசி என்றே இருந்தது. நரி கேமராவை நம்பிக் குஞ்சைத் தடவிக்கொடுத்தது. நரியின் மூக்கில் அலகால் ஒரு கொத்து விழுந்தது.

"வளர்ச்சி அபாரம்!" என்று கல்பாசிக்கு மாலை போட்டது.

பறந்து உழைத்தவள் விருந்தாளி, ஒட்டியிருந்தவனுக்கு மாலை என்றுதான் நீதி எழுதியிருந்தேன். ஆனால் குஞ்சுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. நரி படித்துவிட்டால்? அதிகாரிகள் கடைசி வரியை மட்டும்தான் படிப்பார்களாம். அதனால் அதை அடித்துவிட்டு, இப்படி மாற்றிவிட்டேன்.

நீதி: கேமரா தவறாது. கல்பாசியை ஒழுங்காக வளர்த்தால் அதற்கு அலகு முளைக்கும்.