வரிசை அண்ணாச்சி நின்ற இடம்

துபாய் மாநகரில் வரிசை என்னும் ஒழுக்கம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததென்றால், அதற்குக் காவல்துறையும் காரணமல்ல, நகராட்சியும் காரணமல்ல; தேராப் பகுதியில் எங்கள் அறையில் வசித்த வரிசை அண்ணாச்சி ஒருவரே காரணம். அவருடைய இயற்பெயர் அவர் பாஸ்போர்ட்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. நாகர்கோவில் பக்கத்துக்காரர்; ஒரு கட்டட நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக வரைபடம் வரைந்துவந்தார். வீதியில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால்கூட, அவர்களுள் முதலில் வந்தவர் யார் என்பதை விசாரித்த பிறகே கடந்து செல்வார்.

நகரின் நடுவே ஓடும் க்ரீக் என்னும் கடற்கழியைக் கடக்கும் அப்ரா படகுகளுக்கு அந்நாளில் வரிசை கிடையாது. படகு வந்து துறையில் முட்டியதும் காலில் வேகம் உள்ளவர் ஏறுவார். இல்லாதவர் அடுத்த படகைப் பார்ப்பார். இவ்வநீதியை அண்ணாச்சியால் பொறுக்க இயலவில்லை. ஒரு மாலை, துறையில் நின்ற பட்டாணியர், வங்காளியர், மலையாளிகள் அனைவரையும் இரு கைகளையும் விரித்து ஒரே கோட்டில் நிறுத்திவிட்டார்.

“லைன் பனாவோ பாய், லைன்!”

அவர்களும் இவரை ஏதோ அதிகாரி என்று கருதி அடங்கி நின்றார்கள். படகுக்காரர் சிறிது நேரம் இந்த அணிவகுப்பைப் பார்த்துவிட்டு, “கலாஸ்!” என்று, எல்லாம் முடிந்தது என்பதுபோல் கையை உதறிக் காலிப் படகுடன் அக்கரைக்குப் போய்விட்டார். வரிசை முழுவதும் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தது. அவர் முகத்திலோ அப்படி ஒரு நிறைவு.

“போனா போட்டும் பாய். நாம ஒழுங்கா நின்னோம்லா?” என்றார் என்னிடம். நான் மசாலாச் சந்தையில் ஒரு மொத்தக் கடையின் விற்பனையாளன். அன்று அக்கரையிலிருந்த கடைக்குத் தாமதமாகத் திரும்பி முதலாளியிடம் வாங்கிய வசைக்கு எந்த ஒழுங்கும் இருக்கவில்லை.

எங்கள் அறையில் கட்டில்கள் பல, கழிப்பறையோடு கூடிய குளியலறை ஒன்று. அண்ணாச்சி அதன் கதவருகே ஆணிகள் அடித்திருந்தார். துண்டு தொங்கும் வரிசையே குளிக்கும் வரிசை. ஒரு நாள் மீன்குழம்பு அவர் வயிற்றில் கலகம் செய்தது. முகம் வெளிறி, வியர்த்து, அடுக்குக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து, தங்கச் சந்தை நகைக்கடையில் பணிபுரிந்த கீழக்கரைக் காதர் இரங்கினார்.

“அண்ணாச்சி, நீங்க போங்க. நான் பொறவு குளிச்சுக்கிறேன்.”

“வேண்டாம்டே. ஒன் துண்டுல்லா முன்னால கெடக்கு.”

“யா அல்லாஹ்! துண்டு கெடக்கு, மனுசன் போயிருவாரு போலருக்கே!”

காதர் அன்று உடம்பில் தண்ணீர் பட்டதும் படாததுமாக ஓடி வந்து அறையின் மானத்தைக் காப்பாற்றினார்.

இத்தனை பிடிவாதத்துக்கும் பின்னால் ஒரு பெரிய வரிசை இருந்தது. அண்ணாச்சி தொழில்திறன் உடையோருக்கான நிரந்தரக் குடியிருப்பு விசாவுக்குக் கனடாவுக்கு விண்ணப்பித்திருந்தார். அவர் மனைவி ஸ்டெல்லா ஓமான் நாட்டு சோஹாரில் ஒரு மருத்துவமனையின் நர்ஸ். நர்ஸ்களுக்கான பெண்கள் விடுதியில் வாசம். விடுதிக்குள் கணவனுக்கு இடமில்லை. எங்கள் அறையில் மனைவிக்கு இடமில்லை. பிள்ளைகளும் இல்லாத அத்தம்பதியர், திருமணமான நாள்தொட்டு லீவு நாட்களில் மட்டுமே குடும்பம் நடத்தியவர்கள். பெருநாள் விடுமுறையில் அண்ணாச்சி பஸ் ஏறிப் போவார். சோஹார் கடற்கரையில் ஒரு சிமெண்டு பெஞ்சில் இருவரும் பொழுது சாயும்வரை அமர்ந்திருந்துவிட்டுப் பிரிவார்கள். கனடா அவருக்கு ஒரு நாடன்று. ஒரே கதவை இருவரும் உட்பக்கமிருந்து தாழிடக்கூடிய ஒரு வீடு.

வார விடுமுறையான வெள்ளிக்கிழமையில் தேவாலயப் பூசை முடிந்ததும் நேரே நெட் கபேக்குப் போய்த் தம் விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பார். பல ஆண்டுகளாக அங்கே ஒரே பதில். பரிசீலனையில் உள்ளது. அதையே நற்செய்தியாகக் கொண்டு வந்து எங்களுக்கெல்லாம் சாயா வாங்கித் தருவார். “நமக்கு முன்னால நிக்கியவன் போனாத்தானே நமக்கு? நேர்மையான நாடு பாத்துக்கிடுங்க. வந்த வரிசைதான் அங்க கணக்கு.”

ஒரு வெள்ளிக்கிழமை சாயா வரவில்லை.

விண்ணப்பங்கள் மலையாகத் தேங்கிவிட்டமையால் அந்நாட்டில் விதியை மாற்றியிருந்தார்கள். இனி வந்த வரிசை கணக்கில்லை, தொழில்வாரி முன்னுரிமை. பட்டியலில் உள்ள தொழிலைச் செய்பவர் இன்று விண்ணப்பித்தாலும் விரைவாகப் பார்க்கப்படுவார். பழைய விண்ணப்பங்கள் காத்திருக்கும். அந்தப் பட்டியலில் நர்ஸ் இருந்தது. டிராஃப்ட்ஸ்மேன் இல்லை. அண்ணாச்சியோ விண்ணப்பத்தில் தம்மை முதன்மை விண்ணப்பதாரராகவும், ஸ்டெல்லாவைத் தம்மோடு வருபவராகவும் எழுதியிருந்தார்.

நிலைமையின் ஆழம் அறியாத காதர் மறுநாள் காலையில் துண்டுகளை இடம் மாற்றினார். “அண்ணாச்சி, இன்னையிலேருந்து இங்கயும் கனடா சட்டம்தான். நகைக்கடை மொதல்ல, மசாலாக்கடை ரெண்டாவது, டிராயிங் ஆபீஸ் கடைசி!”

அறையே சிரித்தது. அண்ணாச்சி சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ கடைசி ஆணியில் தொங்கிய தம் துண்டின் அருகே போய் நின்றுகொண்டார். காதரின் சிரிப்பு பாதியில் நின்றது. துண்டுகளைப் பழையபடி மாட்டி, “வெளையாட்டுக்கு செஞ்சேன் அண்ணாச்சி” என்றார்.

மொபைலை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அண்ணாச்சியின் வழக்கம். ஆகவே அந்த இல்லறத்தின் விவாதங்களுக்கெல்லாம் அறையே சாட்சி.

“பழசக் கேன்சல் பண்ணிட்டு எம் பேர்ல புதுசாப் போடுங்க. நீங்க எனக்குப் பின்னால நின்னா கொறஞ்சா போயிருவிய?” என்றார் ஸ்டெல்லா.

“பின்னால நிக்கியதுல எனக்கு என்ன கொறச்சல்? இத்தன வருசம் நின்ன எடத்த விட்டு வெளிய வரச் சொல்லுதியே. நாளைக்கு அந்தப் பட்டியலையும் மாத்துனாம்னா? அப்போ அதுவுமில்ல, இதுவுமில்ல.”

“எல்லாத்தையும் வரிசையாப் பாத்தா வயசு நிக்குமா?”

வரிசையில் நின்றவன் நடுவில் விலகினால் அவ்வளவு நேரம் நின்றதும் வீண் என்பது அவருடைய வேதம். அந்த வேதம் ஓராண்டைத் தின்றது. பின்னர் ஒரு நாள் ஸ்டெல்லா கூப்பிட்டு, விடுதியில் தம் பக்கத்து அறையிலிருந்த இளம் நர்ஸ், இவர்களுக்கு வெகுகாலம் பின்னால் விண்ணப்பித்தவர், கணவரோடு கனடா புறப்படுவதாகச் சொன்னார்.

“அவ புருசனுக்கு என்ன வேல தெரியுமா?”

“என்ன?”

“டிராஃப்ட்ஸ்மேன்.”

அண்ணாச்சி பேச்சை முடித்து மொபைலைக் கட்டிலில் வைத்தார். அந்த வாரமே பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, ஸ்டெல்லாவை முன்னால் நிறுத்திப் புதியதை அனுப்பினார்.

பட்டியல் சொன்ன சொல் தவறவில்லை. விரைவிலேயே மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. அறை முழுவதற்கும் பிரியாணி. காதர் கம்பளிக் குல்லாய் ஒன்றை அந்தச் சூட்டிலும் தேடி வாங்கி வந்து அண்ணாச்சி தலையில் மாட்டினார்.

அந்தப் பரிசோதனையில்தான் ஸ்டெல்லாவின் சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவது தெரிந்தது. ஊர் நோயாளிகளையெல்லாம் கவனித்த அந்த அம்மையார் தம் கால் வீக்கத்தை நின்றபடியே டூட்டி பார்ப்பதன் பலன் என்று எண்ணியிருந்தார். நீண்ட காலச் சிகிச்சை தேவைப்படும் உடல்நிலை என்று காரணம் காட்டி விசா மறுக்கப்பட்டது.

“போன வருசம் போட்டிருந்தா...” என்று தொடங்கிய அண்ணாச்சி அந்த வாக்கியத்தை எங்களிடம் ஒருபோதும் முடிக்கவில்லை. வேலையை விட்டார், சோஹார் துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். அவர் போன பிறகு, அவருடைய துண்டு தொங்கிய ஆணியில் புதிதாக வந்த ஒருவர் துண்டை மாட்டப் போனபோது, “தம்பி, அதுல ஆள் இருக்கு” என்று தடுத்தவர் காதர்தான்.

நான் ஊர் திரும்புமுன் சோஹாருக்குச் சென்று அவர்களைப் பார்த்தேன். ஸ்டெல்லா வேலையையும் விடுதியையும் விட்டிருந்தார். சிறியதொரு வீடு. இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழத் தொடங்கியது அந்த நோயின் புண்ணியத்தில்தான். மறுநாள் டயாலிசிஸுக்கு அவர்களுடன் நானும் போனேன்.

மருத்துவரைப் பார்க்க அங்கும் வரிசை. ஓமானி முதியவர் ஒருவர் வந்தார். அண்ணாச்சி எழுந்து, “தஃபத்தல்” என்று முன்னால் போகச் சொன்னார். அடுத்து ஒரு வங்காளி, அவரையும் விட்டார். என் கண்களை நான் நம்பவில்லை.

ஸ்டெல்லா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். “பாத்தியளா அண்ணே? துபாய் முழுக்க லைன் கட்டுனவிய, இங்க எல்லாரையும் முன்னால விட்டுருதாவ.”

ஸ்டெல்லாவை உள்ளே அழைத்துக்கொண்டதும் நான் கேட்டேன். “என்ன அண்ணாச்சி, கொள்கை போச்சா?”

மூடியிருந்த கதவையே அவர் பார்த்திருந்தார். “போட்டும் பாய். இந்த ஒரு வரிசையில மட்டும் நாங்க மெதுவாப் போனாப் போதும்.”

இப்போது நான் எங்கள் ஊரில் ரேஷன் கடையிலும் மருந்துக் கடையிலும் நிற்கும் வயதான மனிதன். எங்கு நின்றாலும் எனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டே நிற்கிறேன். பின்னாலிருப்பவர்கள் தள்ளுகிறார்கள், முன்னால் போகச் சொல்லி அதட்டுகிறார்கள். நான் அசைவதில்லை. “ஆள் இருக்காரு, வந்துருவாரு” என்று மட்டும் சொல்கிறேன்.