உறங்குவோர் பிரிவு

"ஏன்டா, நான் எப்போடா செத்தேன்?"

காலை ஏழேகால் மணிக்குப் பெரியப்பா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது மேலாளரின் வாயில் பல்துலக்கும் பிரஷ் இருந்தது.

"என்ன பெரியப்பா, காலங்காத்தால இப்படிப் பேசறீங்க?"

"நான் பேசலை, உன் கம்பெனி பேசுது. படிக்கிறேன், கேளு. 'அன்புள்ள வந்தால் போகமாட்டார் அவர்களே, தாங்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. தங்கள் நினைவு எங்கள் நெஞ்சில் நீங்காது நிற்கிறது.' வந்தா போகமாட்டேங்கறே, போயிட்டேன்னும் சொல்றே. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுடா."

மேலாளர் பிரஷை வெளியே எடுத்தார். 'வந்தால் போகமாட்டார்' என்பது அவரே எழுதியது. மகளின் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய நூற்று நாற்பத்திரண்டு உறவினர்களைப் பட்டியல் போட்டு, தொலைபேசி எண், பெயர், குறிப்பு என்று மூன்று கட்டம் பிரித்து, யாரை எங்கே உட்காரவைப்பது என்று தமக்கு மட்டும் விளங்கும்படி எழுதிவைத்திருந்த குறிப்பு. முந்தின நாள் மாலை அலுவலகக் கணினியில் முடித்துச் சேமித்த பட்டியல். எங்கே சேமித்தோம் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் ஒரு மெத்தைக் கம்பெனியில் வாடிக்கையாளர் உறவு மேம்பாட்டுத் துறையின் தலைவர். துறை என்பது அவரும், ஒரு ஜன்னலும், பதிவக்காவும். கடைகளிலிருந்து வரும் வாடிக்கையாளர் விவரங்களைப் பத்தொன்பது வருஷமாகக் கணினியில் பதிவு செய்துவந்ததால் அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர். மூன்று மாதங்களுக்கு முன் மேலாளர் அந்த வேலையை ஒழித்தார். ஒரு கறுப்புப் பெட்டி வாங்கப்பட்டது. 'வரத்து' என்ற கோப்புறையில் எந்தப் பட்டியலைப் போட்டாலும் மறுநாள் காலை ஏழு மணிக்கு மெஷின் தானே எடுக்கும், தானே படிக்கும், ஆட்களைத் தானே பிரிவு பிரிவாகப் பிரித்து, பிரிவுக்குத் தகுந்த செய்தியை அனுப்பும். அதற்கான விதிகளை மேலாளர் நாற்பது பக்கத்துக்கு எழுதினார். திறப்பு விழாவில் 'மனிதக் கை படாத மார்க்கெட்டிங்' என்று ஐம்பது நிமிஷம் பேசினார். மின்சாரம் இரண்டு முறை போயும் நிறுத்தவில்லை.

விதி ஒன்பது: மூன்றாம் கட்டத்தில் இருப்பதே பெயர். விதி பதினான்கு: ஓராண்டாக எதுவும் வாங்காதவர் உறங்குவோர் பிரிவு. மெத்தை வாங்கினவங்க தூங்கினா நல்லதுதானே சார் என்று பதிவக்கா அப்போதே கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. உறங்குவோருக்கான செய்தியை, படிப்பவர் கண்ணில் நீர் வர வேண்டும் என்று அவரே இயற்றினார்.

இப்போது வந்துகொண்டிருந்தது.

மனைவி கையில் தொலைபேசியோடு வந்து நின்றாள். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பேசினார். 'எதிலும் குற்றம் கண்டுபிடிப்பார் அவர்களே'ன்னு வந்திருக்காம்."

"கோபமா இருக்காரா?"

"அதுல ரெண்டு எழுத்துப் பிழை இருக்குன்னார். எங்க அத்தைக்கு என்ன எழுதினீங்க?"

"ஞாபகமில்லையே."

"'ஒருவரை அழைத்தால் ஆறு பேர்.' ஆறு பேரும் சேர்ந்து போன் பண்ணாங்க."

மீண்டும் மணி அடித்தது. மனைவியின் தங்கை. குறிப்பு எழுதாமல் விட்ட ஒரே ஆள் அவள்தான். மேலாளர் நிம்மதியாக எடுத்தார்.

"எனக்கு வெறும் 'அன்புள்ள அவர்களே'ன்னு வந்திருக்கு மாமா. எல்லாரைப் பத்தியும் யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்கீங்க. என்னைப் பத்தி எழுத உங்களுக்கு ஒரு வார்த்தை கிடைக்கலை, இல்ல?" விசும்பல் சத்தம். இணைப்பு அறுந்தது.

"இன்னும் மூணு வாரம்," என்றாள் மனைவி. "ஒத்தை ஆள்கூட வரமாட்டாங்க. மண்டபத்துல நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போட்டோக்காரர்தான் பந்தியில உட்காரணும். சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?"

"பதறாதே. இது தொழில்நுட்பப் பிரச்சினை. தொழில்நுட்பத்தாலயே தீர்த்துடலாம்."

"அதைக் கேட்டாத்தான் பதறுது," என்றாள் மனைவி.

அலுவலகத்துக்குப் போனதும் மேலாளர் செய்த முதல் காரியம், உறவினர் பட்டியல் முழுவதையும் வாடிக்கையாளர் வரிசையிலிருந்து நீக்கும்படி ஓர் ஆணை எழுதி வரத்துக் கோப்புறையில் போட்டது. அடுத்த அறையில் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவக்கா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். வேலை ஒழிந்தவள். அடுத்த மாதம் அவளைக் கிடங்குக்கு மாற்றுவதாக ஏற்பாடு.

"நூத்தி நாப்பத்திரண்டு பேரும் போயாச்சுக்கா," என்றார் பெருமையாக.

"விதி இருபத்திரண்டு சார்," என்றாள் அவள், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாற்பது பக்கத்தையும் எழுதியவருக்கு இருபத்திரண்டு என்னவென்று நினைவில்லை. மறுநாள் ஏழேகாலுக்குப் பெரியப்பா நினைவூட்டினார்.

"'தங்கள் விலகலை ஏற்றுக்கொண்டோம். இனி எங்களிடமிருந்து தங்களுக்கு எந்த அழைப்பும் வராது.' ஏன்டா, உன்னை நான் தோள்ல தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன். கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டேன்னு சொல்றதுன்னா நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே."

"ஐயோ பெரியப்பா, அது அந்த அழைப்பு இல்லை. விளம்பர அழைப்பு."

"எந்த அழைப்பும்னு போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும்."

அன்று மாலை மேலாளர் உட்கார்ந்து, உருகி உருகி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினார். 'நடந்ததை மறந்து, எங்கள் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்திருந்து, மூன்று வேளையும் எங்களோடு சாப்பிட்டு, இரண்டு நாள் தங்கிப்போக வேண்டும்.' மண்டபத்து விலாசம், வழி, எல்லாம் போட்டார். யாருக்கு அனுப்புவது என்ற இடத்தில் உறவினர் பிரிவைத் தேடினார். அதைத்தான் நீக்கிவிட்டாரே. அந்த இடத்தைக் காலியாக விட்டு, கடிதத்தை வரத்தில் போட்டார். யாரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று மெஷினுக்கா தெரியாது?

விதி முப்பத்தொன்று: இடம் காலியாக இருந்தால் அனைவருக்கும்.

பதினோராயிரத்து இருநூறு மெத்தைக்காரர்களுக்கும் கல்யாண அழைப்பு போயிற்று. பத்து மணிக்குள் எண்ணூறு பேர் வருவதாகப் பதில் எழுதியிருந்தார்கள். மண்டபத்தில் படுக்க வசதி எப்படி என்று கேட்டிருந்தார்கள் சிலர். ஒருவர், போன வருஷம் வாங்கிய மெத்தையில் ஸ்பிரிங் குத்துகிறது, கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தார். நீக்கப்பட்டவர்கள் ஆகையால் நூற்று நாற்பத்திரண்டு உறவினர்களுக்கு மட்டும் அழைப்பு போகவில்லை.

பெரியப்பா இம்முறை போன் செய்யவில்லை. பதினொரு மணிக்கு நேரில் வந்தார். பின்னால் தங்கை வீட்டுக்காரர், மனைவியின் அத்தை, அத்தையின் ஐந்து பேர், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மனைவி.

"உங்ககிட்ட மெத்தை வாங்கின எங்க பக்கத்து வீட்டுக்காரர் உன் வீட்டுக் கல்யாணத்துக்கு வர்றாராம்," என்றார் பெரியப்பா. "என்னையும் துணைக்குக் கூப்பிடறார். முடிவாக் கேக்கறேன், இதெல்லாம் நீ எழுதினதா இல்லையா?"

மேலாளர் எல்லார் முகத்தையும் பார்த்தார். மூன்று நாளில் முதல்முறையாக அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது.

"நான் எழுதுவேனா பெரியப்பா? எல்லாம் மெஷின்."

"மெஷினுக்கு எப்படிடா தெரியும், நான் வந்தா போகமாட்டேன்னு?"

"செயற்கை அறிவு. அதுவா எதையாவது கற்பனை பண்ணி எழுதிடும். உலகம் பூரா இதே தலைவலிதான். வாங்க, காட்டறேன்."

எல்லோரும் அடுத்த அறைக்குப் போனார்கள். பதிவக்கா ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். மேலாளர் கறுப்புப் பெட்டியின் தலையில் கைவைத்து நின்றார். திறப்பு விழாத் தொனி தானாக வந்தது.

"தானா எடுக்கும். தானா படிக்கும். தானா பிரிக்கும். மனுஷங்க யாரும் கிட்டவே வர்றதில்லை. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் எழுதியிருந்தா என் கை..."

"போதும், போதும்," என்றார் பெரியப்பா. பெட்டியைச் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, விரலால் தட்டினார். அவர் முகம் இளகியது. "மெஷின் சொன்னா எனக்கென்ன கோபம்? அதுக்குப் பெரியவங்க சின்னவங்க தெரியுமா? பெத்த புள்ளை மாதிரி நான் வளர்த்தவன் எழுதிட்டானேன்னுதான் மூணு நாளா சோறு இறங்கலை."

"பிழைகூட மெஷினாலதான் போல," என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"ஆறு பேரும் வந்துடறோம்," என்றாள் அத்தை.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நாளுக்குப் பிறகு கணவனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"கல்யாணம் முடியறவரைக்கும் இதை நிறுத்தி வைடா," என்றார் பெரியப்பா. "இன்னும் யாரை என்ன சொல்லுமோ."

"இதோ, உங்க கண் முன்னாலயே. அக்கா, மெஷினை அணைச்சுடுங்க."

பதிவக்கா எழுந்திருக்கவில்லை.

"அது வந்த நாலாம் நாளே அணைஞ்சுபோச்சே சார், மூணு மாசமா தினம் காலைல ஏழு மணிக்கு உட்கார்ந்து, நீங்க எழுதி வெச்சதை ஒரு எழுத்து மாத்தாம நான்தானே எல்லாருக்கும் அனுப்பிட்டிருக்கேன்."