சுருளியம்மாள் வீட்டு விருந்தினர் கழிப்பறை

ஒரே ஒரு கழிப்பறைக்காக இரண்டு மாநிலங்கள் கைகோத்த பெருமை உலகிலேயே எங்கள் வட்டாரத்துக்கு மட்டும்தான் உண்டு. 'எல்லை வட்டார நிலைத்த சுற்றுலா ஒத்துழைப்புக் குழு'வின் கௌரவச் செயலாளன் என்ற முறையில் அதைப் பதிவு செய்வது என் கடமை.

குழுவின் முதல் கூட்டம் குமுளியில் ஒரு ரிசார்ட்டில் நடந்தது. ஏலத்தோட்டத் தொழிலாளர் வீடுகளில் பயணிகளைத் தங்கவைத்தால் எல்லையின் இருபுறமும் செழிக்கும் என்று தீர்மானித்தோம். கம்பத்துக்காரர்கள் கைதட்டினார்கள். கேரள உறுப்பினர்களும் தட்டினார்கள். பிறகு ஒருமனதாகச் சாப்பிட்டோம்.

முதல் வீடாகக் கேரளப் பக்கத்து ஆனைக்கரையில் சுருளியம்மாள் வீடு தேர்வானது. அவர் ஏலக்காய் பறிப்பவர். மூன்று சென்ட் சொந்த மண்ணில் ஒரு முன்னறை, ஒரு அடுக்களை. மகள் சிவசங்கரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

எங்கள் ஆலோசகர் ஜிபி வீட்டைச் சுற்றிவந்து கண் கலங்கினார். "இதுதான் ஒரிஜினல் மலை வாழ்க்கை."

"வாழ்க்கை கெடக்கட்டும் சார். புள்ளைக்கு ஏழு மாசம். கக்கூசுக்குச் சரிவுல எறங்க வேண்டியிருக்கு. அட்டை வேற கடிக்குது" என்றார் சுருளியம்மாள்.

"கட்டித் தரும் சேச்சி. இங்க ஒரு ஒப்பு போட்டா மதி." ஒரு கையெழுத்துப் போதும் என்று ஜிபி ஒப்பந்தத்தை நீட்டினார்.

மலையாளத்தில் பதினொரு பக்கம். சுருளியம்மாள் தமிழில் கையெழுத்திட்டார். ஒத்துழைப்பு என்பது இதுதான்.

மூன்றே வாரத்தில் முன்னறையை ஒட்டி, அதன் வழியாகவே போகும்படி கழிப்பறை எழுந்தது. வெள்ளை டைல்ஸ், சுடுநீர், மூங்கில் சட்டமிட்ட கண்ணாடி. சமத்துவம் கருதி இரு மாநிலத்தவரும் ஆளுக்கொரு கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டினார்கள். உரைகள் முடியும்வரை சிவசங்கரி சுவரைப் பிடித்தபடி நின்றாள். முடிந்ததும் ஜிபி முன்னறையைப் பூட்டினார்.

"சாவி?" என்றார் சுருளியம்மாள்.

"அது கெஸ்டுக்கு மட்டும், கேட்டோ."

"அப்ப நாங்க எங்க போறது?"

ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவை நானே மொழிபெயர்த்துச் சொன்னேன்: "உள்ளூர் மக்கள் தங்கள் பாரம்பரிய வழக்கங்களைத் தொடர வேண்டும்."

அவர் சரிவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தாயும் மகளும் அடுக்களையில் படுத்தார்கள். இருபது நாளாகியும் ஒரு விருந்தினரும் வரவில்லை. வராத பயணி குப்பை போடுவதில்லை, மரம் வெட்டுவதில்லை. இதைவிட 'நிலைத்த' சுற்றுலா எங்கே இருக்கிறது?

இருபத்தோராம் நாள் மழையில் சிவசங்கரி சரிவில் வழுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, ஆனால் இனி அவள் சரிவில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீடு திரும்பிய சுருளியம்மாள் மகளைப் படியில் உட்காரவைத்தார். அரிவாளின் பின்புறத்தால் பூட்டை மூன்றே அடியில் உடைத்தார்.

மறுநாள் நானும் ஜிபியும் விரைந்தோம். டைல்ஸ் ஈரமாக இருந்தது.

"பூட்டை உடைச்சது யாரு?" என்றேன்.

"நான்தான் சார்."

"இது கெஸ்டுக்கு உள்ளதில்லையா, சேச்சி?" என்றார் ஜிபி.

"கெஸ்டு வந்தா சொல்லி விடுங்க. கழுவி வைக்கிறேன்."

அவசரக் கூட்டம் கூடியது. போலீஸ் புகாரை நான்தான் எழுதினேன். இரு மாநில உறுப்பினர்களும் ஒரு திருத்தமும் கோராமல் ஐந்தே நிமிடத்தில் கையெழுத்திட்டார்கள்.

சம்பவம் நடந்த இடம்: சுருளியம்மாள் வீடு, ஆனைக்கரை.

அத்துமீறி நுழைந்தவர்: சுருளியம்மாள்.

முகவரி: மேற்படி.