முன்பக்கம் ஒரு கொக்கி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சௌக்கியம். தாங்களும் அக்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிராக்டரின் சௌக்கியத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

மாமா காலத்து டிராக்டரை ஒப்படைத்தபோது, "மாப்பிள்ளை, அதுல ஒரு போல்ட்டக்கூடத் தொடாதீங்க" என்று தாங்கள் சொன்னது நினைவிருக்கிறது. சத்தியமாக இருந்த போல்ட் எதையும் தொடவில்லை. புதிதாக நாலு சேர்த்தேன், அவ்வளவுதான்.

காரணம், வைக்கோல் ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் ரிவர்ஸ் எடுப்பது எனக்கு வரவில்லை. நான் இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகிறது. முப்பது வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் எனக்குக் கீழே இருந்த யாரும் இப்படி என்னை எதிர்த்ததில்லை. போன வாரம் கொட்டகையின் கதவு நிலையே பெயர்ந்து வந்துவிட்டது. டிராக்டருக்கு முன்னால் ஒரு கொக்கி இருந்தால் டிரெய்லரைக் கண்ணெதிரே வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாமே என்று தோன்றியது. யோசனை யாருடையது என்று கேட்காதீர்கள். உங்கள் தங்கை தன்னுடையது இல்லை என்கிறாள்.

'ஒரே நிமிஷம்' என்று எல்லாரும் கூப்பிடும் வெல்டிங்காரர் வந்து, தடித்த தகடு ஒன்றை முன்னால் முடுக்கி, நடுவில் கொக்கி வைத்துச் சிவப்புப் பெயிண்டும் அடித்தார். அடடா, மூக்குத்தி போட்ட மாதிரி இருந்தது! ஸ்டார்ட் பண்ண ஹேண்டிலைத் தூக்கிக்கொண்டு போனால், ஹேண்டில் நுழைக்கிற ஓட்டையைக் காணோம். அது தகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. பாட்டரியோ செத்து வருஷக்கணக்காகிறது. "தகட்டுல ஒரு ஓட்ட போட்டாப் போச்சு, ஒரே நிமிஷம் சார்"னு மிஷின் எடுக்கப் போனவர் போனவர்தான்.

மேலே பார்த்தா வானம் கறுத்துக்கிட்டு வருது, வைக்கோல் அத்தனையும் வெளியில. உங்க தங்கை புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, "ஏறி உக்காருங்க, நாங்க தள்ளுறோம்"னா. அவளும் கீழ் வீட்டுப் பால்காரரும் சரிவுல தள்ளிவிட்டாங்க பாருங்க, இறங்குற வேகத்துல இன்ஜின் பிடிச்சிருச்சு, ஆனா பிரேக் பிடிக்கல, பால்காரர் வீட்டுக் கொடியில காய்ஞ்ச போர்வை கொக்கியில மாட்டிக் கொடியேத்தின மாதிரி பறக்க, நான் "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னு கத்த, எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல! சமதரை வந்து வேகம் அடங்கினதும் ஒருவழியா திருப்பிக்கிட்டு வந்து, டிரெய்லரை முன்னால மாட்டித் தள்ளினேன். மச்சான், நூல் பிடிச்ச மாதிரி போச்சு! கடைசிச் சக்கரம் உள்ளே நுழையவும் மழை கொட்டவும் சரியா இருந்தது. "கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க நேரா செஞ்ச முதல் காரியம் இதுதாங்க"ன்னு அவ கையைத் தட்டிச் சிரிச்சா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

மழை விட்டுவிட்டது. நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும் என்பதால் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிராக்டர்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து ஆடுவதற்கு என் வயசு காரணமல்ல. இருந்தாலும் மனசு உறுத்துகிறது. நாளைக்கே கொக்கியைக் கழற்றி, மாமா வைத்திருந்தபடியே ஆக்கிவிடுகிறேன். இது சத்தியம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். என்மேல் கோபம் வைக்காமல் ஒரு வரி பதில் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: உறை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போய்வந்தேன். டிராக்டரைக் காணோம். உங்கள் தங்கை அதில் ஏறிப் போய் பால்காரரின் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். என் சத்தியத்தைச் சொன்னேன். "கொக்கியக் கழட்டினீங்கன்னா உங்களையும் கழட்டி விட்டுருவேன், அந்த லெட்டரக் கிழிச்சுப் போடுங்க" என்கிறாள். கிழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே பதில் போட வேண்டாம்.